அமெட் கடற்கரையில் வீடும் நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலித் தீவின் கிழக்கு ஓரத்தில், அமெட்டில் குத்தகை வீட்டில் இருக்கிறேன். சொந்தக்காரர், நண்பர், நண்பருக்கு நண்பர் என்று யார் பேசினாலும் நலம் விசாரித்து முடித்ததும் பேச்சு நிலத்துக்கு வந்துவிடும். கேட்கிற கேள்விகளும் ஏறத்தாழ அதேதான். அவற்றையெல்லாம் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் உங்கள் பக்கத்தில் ஒரு நோட்டரி (அங்கே பத்திரம் எழுதித் தரும் சட்ட அதிகாரி) இருக்க வேண்டும், அது விற்பவர் கூட்டிவந்த நோட்டரியாக இருக்கக் கூடாது.

அமெட் பாலியில எந்தப் பக்கம்? கூட்டா மாதிரிதானே?

இல்லை. கூட்டா பாலியின் தெற்கே உள்ள கடற்கரை ஊர். அமெட் இருப்பது கரங்காசெம் மாவட்டம், அபாங் வட்டம். விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சாலை, அதை ஒட்டி வரிசையாகச் சிற்றூர்கள்: அமெட், ஜெமெலுக், லிப்பா, செலாங், பன்யுனிங், ஆஸ். வெளியாட்கள் இந்த முழு வரிசையையும் அமெட் என்கிறார்கள். நிலப் பத்திரத்தில் பூர்வகெர்த்தி என்றோ புனுத்தான் என்றோ இருக்கும். அவைதான் அரசுக் கணக்கில் உள்ள கிராமங்கள், ஆகவே ‘அமெட் என்ற பேரே இல்லையே’ என்று பதற வேண்டாம்.

படங்களில் பார்க்கும் வெள்ளை மணல் இங்கே கிடையாது. கறுப்பு மணல், பல இடங்களில் உருண்டைக் கற்கள். அலை விளையாட்டுக்கு வருபவர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை, முக்குளிக்க வருபவர்கள்தான் அதிகம். பக்கத்துத் துலாம்பெனில் ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கரையருகே மூழ்கிக் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் அடி வாங்கிக் கரை ஒதுங்கிய கப்பல் அது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கரையிலிருந்து கடலுக்குள் சரிந்தது.

அங்கே ஜனங்க எதை வெச்சுப் பிழைக்கிறாங்க?

மீன், உப்பு, சுற்றுலா, மலைச்சரிவில் கொஞ்சம் விவசாயம். வயல் செழிக்கிற மண் இல்லை இது. சோளம், மரவள்ளி, ஆடு, மாடு என்று வறண்ட நிலத்துப் பிழைப்பு. பனையிலும் தென்னையிலும் கள் இறக்குவார்கள். மேலே மெரிதா ஊரில் கள்ளைக் காய்ச்சி அராக் எடுப்பது பரம்பரைத் தொழில்.

மீன்பிடிக்க ஜுகுங் என்ற ஒல்லியான படகு. இரண்டு பக்கமும் மூங்கில் மிதவைக் கை, முக்கோணப் பாய், இப்போது பின்னால் ஒரு மோட்டாரும் உண்டு. விடிவதற்கு முன் கிளம்பிக் காலையில் திரும்புவார்கள். சூரை வகை மீன்கள் கிடைத்தால் அன்று ஊரே கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கும். பகலில் அதே படகு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும்.

உப்பு வேறு கதை. கடல்நீரை மண்ணில் தெளித்துக் காயவைத்து, அந்த மண்ணைக் கூம்பு வடிவக் கூடையில் போட்டு மறுபடியும் கடல்நீர் ஊற்றி வடிகட்டுவார்கள். வடிந்த உவர்நீரைப் பிளந்து குடைந்த தென்னந்தண்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால் உப்புப் பூக்கும். மழை இல்லாத மாதங்களில் மட்டும் நடக்கிற வேலை. அமெட் உப்புக்கு இந்தோனேசிய அரசின் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் உப்பு விற்று வருகிற காசைவிட அந்த நிலத்தில் விடுதி கட்டக் கொடுத்தால் வருகிற காசு பல மடங்கு. உப்புப் பாத்தி இருந்த கடலோர நிலங்கள் பல விடுதிகளாகிவிட்டன. நாம் இங்கே நிலம் தேடும்போது எதன் மேல் வீடு கட்டப் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

இந்தியப் பாஸ்போர்ட்ல அங்கே நிலம் வாங்க முடியுமா? நேரா சொல்லுங்க.

முடியாது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம், அதாவது அடிப்படை நிலச் சட்டம், இதில் கறாராக இருக்கிறது. முழு உரிமைக்கு அங்கே ‘ஹாக் மிலிக்’ என்று பெயர். பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், விற்கலாம், காலவரம்பு கிடையாது. பிரிவு 21இன்படி அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். அமெரிக்கரோ ஜப்பானியரோ சிங்கப்பூர்க்காரரோ, யாராக இருந்தாலும் இதே விதிதான்.

அப்போ வெளிநாட்டுக்காரங்க வில்லா வில்லாவா வெச்சிருக்காங்களே, அது எப்படி?

மூன்று நேர்வழிகள் உண்டு. முதலாவது குத்தகை. அமெட் மாதிரி ஊர்களில் பெரும்பாலானவர்கள் இதில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது ‘ஹாக் பாக்காய்’, பயன்படுத்தும் உரிமை. தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் தன் பெயரிலேயே பதிந்துகொள்ளலாம். 2021இன் 18ஆம் எண் அரசு ஒழுங்குவிதிப்படி முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பித்தால் இன்னும் 30. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்த உரிமையில் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை உண்டு. பாலிக்கு வைத்திருக்கும் விலை சிற்றூரில் சின்ன வீடு தேடுபவருக்கானது இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம். அதைப் பி.டி. பி.எம்.ஏ. என்பார்கள். நிறுவனத்தின் பெயரில் ‘ஹாக் குனா பாங்குனான்’ என்ற கட்டட உரிமை வாங்கலாம், காலக்கணக்கு அதே 30, 20, 30. ஆனால் நிலமும் கட்டடமும் போக ஆயிரம் கோடி ரூபியாவுக்கு (ரூபியா என்பது இந்தோனேசியப் பணம்) மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். விடுதித் தொழில் செய்பவருக்குச் சரி, ஓய்வுக்கு ஒரு வீடு வேண்டும் என்பவருக்கு இது வீண் சுமை.

உள்ளூர் ஆள் பேர்ல பினாமியா வாங்கிடலாமே? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன்.

நிறையப் பேர் செய்கிறார்கள், உண்மைதான். பத்திரம் உள்ளூர்க்காரர் பெயரில் இருக்கும். கூடவே ஒரு கடன் பத்திரம், ஓர் அதிகாரப் பத்திரம், உயில் என்று கட்டாகக் காகிதம் தயார் செய்து ‘இது இரும்புக் கோட்டை’ என்பார் தரகர். 1960ஆம் ஆண்டின் அந்த நிலச் சட்டத்தின் பிரிவு 26, உட்பிரிவு 2ஐப் படியுங்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ ஹாக் மிலிக் நிலத்தை வெளிநாட்டவருக்குக் கைமாற்றும் எந்தச் செயலும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. ‘மறைமுகமாக’ என்ற ஒரு வார்த்தையிலேயே அந்தக் கட்டுக் காகிதம் முழுவதும் மாட்டிக்கொள்கிறது.

பினாமியாக இருப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் இறந்தால் நிலம் அவர் வாரிசுகளுக்கு, அவருக்குக் கடன் இருந்தால் கடன்காரருக்கு, விவாகரத்து ஆனால் பங்கு மனைவிக்கு. அவர்களில் யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. என் கருத்து கேட்டால், சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நல்ல நண்பரை இப்படி ஓர் இக்கட்டில் நிறுத்தி வைப்பதே சரியில்லை.

குத்தகைன்னா எத்தனை வருஷம்? விலை எப்படிச் சொல்வாங்க?

25 முதல் 30 ஆண்டு என்பது வழக்கமான பேச்சு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்பது பாலி நடைமுறை, மாத வாடகை மாதிரி இல்லை. விலையை ‘ஓர் அரேக்கு, ஓர் ஆண்டுக்கு இவ்வளவு’ என்பார்கள். ஓர் அரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆண்டுக்கு அரேக்கு ஒரு கோடி ரூபியா என்று வைத்துக்கொண்டால், 5 அரே, 25 ஆண்டுக்கு 125 கோடி ரூபியா. பூஜ்யங்களைப் பார்த்து மிரள வேண்டாம். அவர்கள் ‘ஜுத்தா’ என்றால் 10 லட்சம், ‘மில்லியார்’ என்றால் 100 கோடி. அவசரத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, எழுதி வாங்குங்கள்.

பத்திரத்தில் தொகை ரூபியாவில் இருக்க வேண்டும். நாட்டுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றம் ரூபியாவில்தான் என்று 2011இன் நாணயச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தமும் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம். குத்தகை வருமானத்துக்கு நில உரிமையாளர் 10 சதவீத வரி கட்ட வேண்டும். ‘வரி நீங்க கட்டிடுங்க’ என்று கடைசி நாளில் சொல்வார்கள், அதனால் விலை பேசும்போதே அதையும் பேசி முடித்துவிடுங்கள்.

பத்திரம் ஒழுங்கா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில், எந்தக் காகிதத்தைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ‘செர்த்திஃபிகாட்’ என்ற நிலச் சான்றிதழா, அல்லது ‘பிப்பில்’ என்ற பழைய வரிக் காகிதமா? பாலியில் பல குடும்பங்களிடம் தாத்தா காலத்துப் பிப்பில்தான் இருக்கும். அது உரிமைப் பத்திரம் ஆகாது, உரிமைக்கு ஒரு தடயம், அவ்வளவுதான். மேலே சொன்ன 2021 ஒழுங்குவிதி, இப்படிப்பட்ட பழைய காகிதங்களை ஐந்து ஆண்டுக்குள் பதிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அந்தக் கெடு 2026 பிப்ரவரிவரை. வருடாவருடம் நிலவரி கட்டிய ரசீதும் உரிமைச் சான்று இல்லை. 2017 முதல் அரசு நாடு முழுக்க நிலங்களை அளந்து பதிந்துவருவதால் கிராமங்களிலும் சான்றிதழ் உள்ள நிலம் இப்போது நிறையக் கிடைக்கிறது. சான்றிதழ் இல்லாத நிலத்தை வெளியாள் தொடாமல் இருப்பதே உத்தமம்.

சான்றிதழ் இருந்தால் அதை மாவட்ட நில அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். கரங்காசெமுக்கு அது அம்லாபுராவில் இருக்கிறது. அடமானம் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, அளவு ஒத்துப்போகிறதா என்று உங்கள் நோட்டரி கேட்டு வாங்கித் தருவார். ‘செந்துஹ் தானாஹ்கு’ என்று நில அமைச்சகத்தின் செயலி ஒன்றும் இருக்கிறது, வரைபடத்தில் மனையின் இடத்தைப் பார்க்க உதவும். அப்புறம் நில உபயோகத் திட்டம்: அந்த மனை சுற்றுலாப் பகுதியிலா, குடியிருப்பிலா, விவசாயத்திலா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டட அனுமதி அதை வைத்துத்தான் கிடைக்கும். பழைய ‘ஐ.எம்.பி.’ அனுமதிக்குப் பதில் 2021 முதல் ‘பி.பி.ஜி.’ என்ற அனுமதி.

சான்றிதழ்ல ஒருத்தர் பேர்தான் இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டா போதும்ல?

காகிதப்படி போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நடைமுறையில் போதாது. மனைவியின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நிலம் பூர்வீகமானால் அண்ணன் தம்பி எல்லோரையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவது நல்லது.

பாலி வழக்கத்தில் சொத்து ஆண் வழியில் இறங்கும். நிலத்தோடு கடமைகளும் சேர்ந்தே இறங்கும்: குடும்பக் கோவிலைப் பார்த்துக்கொள்வது, ஊர் வேலைக்குப் போவது, பெற்றோருக்கு ஈமச் சடங்கு செய்வது. மகன் இல்லாத வீட்டில் மருமகனை வீட்டோடு அழைத்துக்கொண்டு மகளை வாரிசாக்கும் வழக்கமும் உண்டு. 2010இல் பாலியின் ஊர்ச் சபைகளின் பேரவை, மகளுக்கு மகன் பங்கில் பாதி உண்டு என்று முடிவெடுத்தது. ஊருக்கு ஊர் இதை ஏற்பதில் வேறுபாடு இருக்கிறது. ஆகவே கட்டிக்கொடுத்த தங்கைக்குப் பங்கு உண்டா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம், அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போயிற்று.

கடலை ஒட்டின மனைன்னா கடற்கரையும் நமக்குத்தானே?

கிடையவே கிடையாது. கடற்கரை அரசுடையது. உயர் அலை ஏறும் இடத்திலிருந்து நிலத்தை நோக்கிக் குறைந்தது 100 மீட்டர் கடலோரக் காப்புப் பட்டை என்று 2016இன் 51ஆம் எண் அதிபர் ஒழுங்குவிதி சொல்கிறது. ‘அமெட்டில் தண்ணீருக்குப் பத்தடியில் கட்டடம் நிற்கிறதே’ என்பீர்கள். நிற்கிறது. அவற்றில் பல பழையவை. அதைக் காட்டி உங்களுக்குப் புது அனுமதி வாங்க முடியாது. பாலியின் தெற்கே பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் நின்ற நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை 2025 ஜூலையில் மாகாண அரசு இடிக்கத் தொடங்கியது. பல வருடம் தொழில் நடந்த இடங்கள் அவை.

இன்னொன்று, ஜுகுங். கரையில் படகு ஏற்றி வைக்கும் இடம் தலைமுறையாக இன்னாருக்கு இன்னது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் காகிதத்திலும் இருக்காது. உங்கள் வாசலுக்கு நேரே பத்துப் படகு நின்றால் அவை அங்கேதான் நிற்கும். மீனவர் கடலுக்குப் போகும் நடைபாதை உங்கள் மனை ஓரமாகப் போனால் அதை அடைக்கக் கூடாது. விடியற்காலை மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று புகார் சொல்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மலைப் பக்கமாக வீடு பாருங்கள்.

பஞ்சார், தேச அடாட்னு சொல்றாங்களே, அது நம்மளைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். பாலியில் இரண்டு கிராமம் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. ஒன்று அரசின் கிராமம், அடையாள அட்டை, வரி, சாலை எல்லாம் அதன் வேலை. மற்றது ‘தேச அடாட்’, வழக்காற்றுக் கிராமம். கோவில், சடங்கு, சுடுகாடு, ஊர்க் கட்டுப்பாடு அதன் பொறுப்பு. பாலி முழுக்கச் சுமார் 1,500 தேச அடாட்கள் உண்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘பஞ்சார்’ என்ற தெருச் சபைகள். 2019இன் 4ஆம் எண் மாகாணச் சட்டம் இவற்றுக்கு முறையான அதிகாரம் கொடுத்திருக்கிறது.

கட்டடம் தொடங்கும் முன் பஞ்சார் தலைவரைப் போய்ப் பார்ப்பது மரியாதை மட்டுமல்ல, தேவையும்கூட. குடியிருந்தால் மாதாமாதமோ திருவிழாவுக்கோ ஒரு தொகை கேட்பார்கள், ரசீது கொடுப்பார்கள். ஞெப்பி என்ற மௌனத் திருநாளில் 24 மணி நேரம் விளக்கு எரியக் கூடாது, வெளியே வரக் கூடாது, விமான நிலையமே மூடியிருக்கும். ஊர்க்காவலரான பெச்சாலங் ரோந்து வருவார்கள். இதெல்லாம் சிரமம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்தச் சபைதான் வீட்டுக்கு நெருப்புப் பிடித்தால் முதலில் ஓடி வருவது.

இன்னொரு விஷயம்: எல்லா நிலமும் தனியார் நிலம் இல்லை. ஊர்ப் பொது நிலம், கோவில் நிலம் என்று தனியாக உண்டு. கோவில்கள் தம் பெயரில் நிலம் வைத்திருக்கலாம் என்று 1986இலேயே ஏற்றுக்கொண்டார்கள். தேச அடாட்டும் தன் பெயரில் பதியலாம் என்று 2017இல் வந்தது. ஊர் நிலத்தில் குடியிருக்கும் குடும்பம் அதில் வாழலாம், ஊர்க் கடமை செய்ய வேண்டும், தன் இஷ்டத்துக்கு உங்களுக்குக் கொடுக்க முடியாது. ‘சான்றிதழ் சீக்கிரம் வந்துடும்’ என்று யாராவது சொன்னால், இது ஊர் நிலமா என்று பஞ்சார் தலைவரிடம் கேளுங்கள்.

நாமும் இந்துதானே? எங்களை ஊர்ல சேர்த்துக்க மாட்டாங்களா?

நம்மவர்கள் ஆசையோடு கேட்கும் கேள்வி இது. இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் முகம் மலரும், மகாபாரதக் கதை பேசுவார்கள், அர்ஜுனனையும் பீமனையும் பற்றி விசாரிப்பார்கள். ஆனால் ஊர் உறுப்பினர் ஆவது மதத்தால் மட்டும் வருவதில்லை. 2019 சட்டம் மூன்று வகை வைத்திருக்கிறது: பதிவுபெற்ற ஊர் உறுப்பினர், வேறு ஊரிலிருந்து வந்து இங்கே வசிக்கும் பாலி இந்து, மற்ற எல்லோரும். நீங்களும் நானும் மூன்றாவது. விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிலுக்கு வரலாம், இடுப்பில் துணியும் கச்சும் கட்டியிருக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும், வீட்டில் சாவு நடந்த தீட்டு நாட்களிலும் உள்ளே போகக் கூடாது. இந்த விதி நமக்குப் புதிது இல்லை. ‘எங்கள் ஊரில் பூசை இப்படி இல்லையே’ என்று திருத்தப் போகாமல் இருந்தால் போதும், நன்றாகவே பழகுவார்கள்.

மனைக்குள்ளேயே அவங்க குடும்பக் கோவில் இருக்கு. குத்தகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கோவில் குத்தகையில் சேராது. அந்தத் துண்டைத் தனியே அளந்து, குடும்பத்தார் எந்நேரமும் வந்துபோக வழி உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாலி நாட்காட்டியில் கோவில் திருநாள் 210 நாளைக்கு ஒரு முறை வரும், அன்று உறவினர் கூட்டம் உங்கள் முற்றத்தில்தான் இருக்கும். தினப்படி படையல் யார் வைப்பது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். கோவிலை இடம் மாற்றித் தருகிறோம் என்று உரிமையாளரே சொன்னாலும் நான் தயங்குவேன். சடங்குச் செலவு பெரியது, மனக்கசப்பு அதைவிடப் பெரியது. கோவிலைவிட உயரமாக, அதை எட்டிப் பார்க்கிற மாதிரி மாடி கட்டுவதும் வேண்டாம். பாலியில் பொதுவாகவே 15 மீட்டருக்கு மேல் கட்ட அனுமதி இல்லை.

உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா நிலம் வாங்கலாமா?

அவர் வாங்கலாம், நீங்கள் வாங்க முடியாது. சிக்கல் எங்கே என்றால், 1974இன் திருமணச் சட்டப்படி திருமணத்துக்குப் பின் சேரும் சொத்து இருவருக்கும் பொது. பாதி உங்களுடையது என்றாகிவிட்டால், வெளிநாட்டவருக்கு ஹாக் மிலிக் கூடாது என்ற விதியில் அது மாட்டும். நில அலுவலகம் பதிவு செய்யவே யோசிக்கும். சொத்தைப் பிரித்து வைக்கும் ஒப்பந்தம் வேண்டும். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்னால்தான் செய்ய முடியும் என்று இருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல், திருமணத்துக்குப் பிறகும் செய்யலாம் என்று வழிவிட்டது.

வெளிநாட்டவருக்கு இப்படி நிலம் வாரிசு உரிமையாகவோ பொதுச் சொத்தாகவோ வந்துசேர்ந்தால், ஓர் ஆண்டுக்குள் அதைக் கைமாற்றிவிட வேண்டும், இல்லையேல் அரசுக்குப் போகும். 1960 நிலச் சட்டத்தின் பிரிவு 21தான் இதையும் சொல்கிறது. மனைவி பெயரில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இதை ஒரு முறையாவது யோசித்து வைக்க வேண்டும்.

தண்ணி, கரண்ட், ஆஸ்பத்திரி எப்படி?

மின்சாரம் பரவாயில்லை. முன்பணம் கட்டும் மீட்டர். கடையிலோ செயலியிலோ காசு கட்டினால் 20 இலக்க எண் வரும், மீட்டரில் தட்ட வேண்டும். தீரப் போகிறபோது மீட்டர் கத்தும், பெரும்பாலும் நடுராத்திரியில்.

தண்ணீர்தான் கவலை. பாலியின் வறண்ட மூலை இது. கடலோரக் கிணறு உவர்க்கும், குழாய் வரும் இடத்திலும் வெயில் காலத்தில் அழுத்தம் குறையும், லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும். மனை பார்க்கப் போவதானால் ஆகஸ்ட், செப்டம்பரில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா மனையும் பச்சையாகத்தான் தெரியும். சின்ன உடம்புக்கு ஆரம்ப சுகாதார நிலையம், கொஞ்சம் பெரிதென்றால் அம்லாபுரா, நெஞ்சுவலி மாதிரி என்றால் டென்பசார்வரை போக வேண்டும். வயதான பெற்றோரோடு குடியேற நினைப்பவர்கள் அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எரிமலை பக்கத்துல இருக்காமே?

அகுங் மலை பின்னாலேயே நிற்கிறது. 1963இல் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கரங்காசெம் மாவட்டம் பெரிதும் அடிபட்டது. 2017இல் மறுபடி விழித்துக்கொண்டது. மலையைச் சுற்றி லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், நவம்பரில் விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது. அமெட் கடற்கரைக்கு அன்று நெருப்பு வரவில்லை, பயணிகளும் வரவில்லை. சுற்றுலாவை நம்பிக் கடன் வாங்கியவர்களுக்கு இரண்டாவதுதான் வலித்தது.

வீட்டை வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாமா?

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு முடியாது. இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் கிடைக்கும் விசா 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம், அதில் வேலையோ தொழிலோ செய்யக் கூடாது. வீட்டில் விருந்தினர் தங்கவைக்கும் ‘பொண்டோக் விசாத்தா’ உரிமம் உள்ளூர்க் குடிமக்களுக்கானது. நேர்வழி என்றால் மேலே சொன்ன பி.டி. பி.எம்.ஏ. தான், அந்த முதலீட்டுக் கணக்கோடு. உரிமம் உள்ள உள்ளூர் ஆளிடம் வீட்டை நடத்தக் கொடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் அறை வரி, வருமான வரி இரண்டையும் யார் கட்டுவது என்று எழுதி வையுங்கள். இணையத்தில் அறையைப் போட்டுவிட்டு யாருக்கும் தெரியாது என்று இருப்பது நடக்காது, பஞ்சாருக்கு அடுத்த நாளே தெரியும்.

நடுவுல நில உரிமையாளர் நிலத்தை வித்துட்டா, இல்ல செத்துப் போயிட்டா?

விற்றாலும் குத்தகை முறியாது. சிவில் சட்டத் தொகுப்பின் பிரிவு 1576 இதைச் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. ஆகவே ‘விற்றால் குத்தகை முடியும்’ என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் யார் இறந்தாலும் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்ற வரியும், உங்கள் குத்தகையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்ற வரியும் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி கையெழுத்து பற்றி முன்னால் சொன்னது இந்த நாளுக்காகத்தான். அசல் சான்றிதழை நோட்டரியிடம் ஒப்படைத்து வைக்கக் கேட்பதும் வழக்கம், அதை அடமானம் வைக்காமல் இருக்க.

குத்தகை முடிஞ்சா நான் கட்டின வீடு என்ன ஆகும்?

ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால் நிலத்தோடு உரிமையாளருக்குப் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு உண்டு என்று எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஆனால் ‘அன்றைய சந்தை விலையில்’ என்று இருந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. 25 வருடம் கழித்து அந்த விலையை யார் சொல்வார்? விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை மாதம் முன்னால் கேட்க வேண்டும், ஒத்துவராவிட்டால் யார் மதிப்பிடுவார் என்று இப்போதே எழுதுங்கள். மீதி ஏழெட்டு வருடமே உள்ள குத்தகையை வாங்க வெளியாள் யாரும் வர மாட்டார், ஆகையால் விற்றுவிட்டுப் போகும் எண்ணம் இருந்தால் பாதி வழியிலேயே முடிவெடுக்க வேண்டும். கட்டடத்தில் போடும் பணத்தையும் மீதி வருடங்களுக்கு வகுத்துப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். நீச்சல் குளம் வேண்டாம் என்று பலர் முடிவெடுப்பது அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.